அன்னியனுக்கு இடம் உண்டா? - இங்கிலாந்தை உலுக்கிய சண்டை!

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் பிரிஸ்டல் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு கொடும்பாவி எரிந்தது.

அது திருடனின் கொடும்பாவி அல்ல. எதிரி நாட்டு ராஜாவின் கொடும்பாவியும் அல்ல. பாதிரியார் அங்கி மாட்டிய கொடும்பாவி!

அந்தப் பாதிரியாரின் பெயர் ஜோசையா டக்கர். அதே ஊரில் உள்ள செயிண்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் குரு. பைபிள் படித்தவர். வியாபாரக் கணக்கும் தெரிந்தவர்.

அவர் செய்த குற்றம் என்ன? யாரையும் அடிக்கவில்லை. யார் பணத்தையும் எடுக்கவில்லை. ஒரு சிறு புத்தகம் எழுதினார். வெளிநாட்டில் பிறந்து இங்கிலாந்தில் வந்து குடியேறியவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுக்கலாம் என்று அதில் சொன்னார். அவ்வளவுதான்!

அது 1753-ம் ஆண்டு. அந்த ஒரு கேள்விக்காக அன்று இங்கிலாந்து முழுவதும் கொந்தளித்தது. பாராளுமன்றம் ஒரு சட்டத்தைச் செய்தது. ஏழு மாதத்துக்குள் அதே பாராளுமன்றம் அதே சட்டத்தைக் கிழித்துப் போட்டது.

ஏன் இந்தக் கோபம்? அதைத் தெரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அன்னியன் என்றால் யார்?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சட்டம் இதுதான்: அந்த மண்ணில் பிறந்தவன் மன்னரின் பிரஜை. வெளியே பிறந்தவன் அன்னியன்.

அன்னியன் அங்கே வசிக்கலாம். வியாபாரம் செய்யலாம். ஆனால் நிலம் வாங்க முடியாது. ஆங்கிலக் கப்பலுக்குச் சொந்தக்காரன் ஆக முடியாது. அவன் இறக்குமதி செய்யும் சரக்குக்குக் கூடுதல் சுங்கம் கட்ட வேண்டும். பத்து வருஷம் இருந்தாலும் சரி, முப்பது வருஷம் இருந்தாலும் சரி, அன்னியன் அன்னியன்தான்.

இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. தனக்கென்று பாராளுமன்றத்தில் தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஆகும். பணம் இருந்தால் மட்டும் போதாது. 1609-ம் ஆண்டுச் சட்டப்படி, அவன் தேவாலயத்தில் திருவிருந்து உண்டிருக்க வேண்டும். அதாவது, கிறிஸ்தவனாக இருந்தால்தான் பிரஜை ஆகலாம்.

யூதன் என்ன செய்வான்? அவனுக்குக் கதவு அடைத்தே இருந்தது.

பட்டு நெய்ய வந்தவர்கள்

1685-ம் ஆண்டில் பிரான்சு மன்னர் 14-ம் லூயி ஒரு கட்டளை போட்டார். பிரான்சில் புராட்டஸ்டண்டு மதத்துக்கு இருந்த பாதுகாப்பை அந்தக் கட்டளை நீக்கியது. தொழுகைக் கூடங்கள் இடிக்கப்பட்டன. இரவோடு இரவாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாட்டை விட்டு ஓடின.

'ஹூகனாட்' என்று அழைக்கப்பட்ட அவர்களில் சுமார் 50 ஆயிரம் பேர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் காசு இல்லாதவர்கள் பலர். ஆனால் கையில் தொழில் இருந்தது! பட்டு நெய்யத் தெரிந்தவர்கள், கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள், தொப்பி, காகிதம் செய்யத் தெரிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

லண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்ற பகுதியில் தறிகள் ஓடத் தொடங்கின. பிரான்சிலிருந்து விலை கொடுத்து வாங்கிய பட்டு இப்போது லண்டனிலேயே நெய்யப்பட்டது.

1694-ம் ஆண்டு 'பாங்க் ஆப் இங்கிலாந்து' தொடங்கியது. அதன் முதல் கவர்னர் ஜான் ஹூப்லான். அவருடைய முன்னோரும் இப்படி மதத்துக்காக ஓடி வந்த அகதிகள்தான்!

அன்னியர் வந்தால் நாட்டுக்கு லாபம் என்று சொன்னவர்கள் இந்தக் கதையைத்தான் காட்டினார்கள். ஒரு பொதுச் சட்டம் செய்தால் இப்படி இன்னும் பலர் வருவார்கள் என்றார்கள். 1709-ம் ஆண்டு அந்தச் சட்டம் வந்தது. வெளிநாட்டுப் புராட்டஸ்டண்டு யாராக இருந்தாலும், திருவிருந்து உண்டு, சத்தியம் செய்து, ஒரு ஷில்லிங் கட்டணம் கட்டினால் போதும். அவர் பிரஜை!

கூடாரத்தில் 13 ஆயிரம் பேர்

சட்டம் வந்த அதே ஆண்டு, எதிர்பாராத ஒன்று நடந்தது.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் பாலட்டினேட் என்ற நாடு இருந்தது. பிரெஞ்சுப் படைகள் அதைப் பலமுறை சூறையாடி இருந்தன. 1709-ம் ஆண்டுத் தொடக்கத்தில், யாரும் கண்டிராத கடுங்குளிர் வேறு வந்து சேர்ந்தது. திராட்சைத் தோட்டங்கள் பட்டுப்போயின. ஏழைக் குடியானவர்கள் என்ன செய்வார்கள்?

அப்போது அவர்கள் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. கோச்சர்த்தால் என்ற பாதிரியார் எழுதியது. அமெரிக்காவில் உள்ள கரோலினாவின் வளத்தைப் பற்றிய புத்தகம். அதில் இங்கிலாந்து ராணி ஆனின் படம் இருந்தது. தலைப்பு தங்க எழுத்தில் இருந்தது. அதனால் ஜனங்கள் அதைத் 'தங்கப் புத்தகம்' என்றே அழைத்தார்கள். ராணி தங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பி, நிலம் கொடுப்பார் என்று நம்பினார்கள்.

மே மாதம் முதல் கூட்டம் கூட்டமாக லண்டனில் வந்து இறங்கினார்கள். ஆயிரம், இரண்டாயிரம் அல்ல. சுமார் 13 ஆயிரம் பேர்! பெண்கள், கைக்குழந்தைகள், கிழவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

தங்க இடம் இல்லை. ராணுவக் கூடாரங்களைக் கொண்டுவந்து, லண்டனுக்கு வெளியே பிளாக்ஹீத், காம்பர்வெல் ஆகிய இடங்களில் நட்டார்கள். ராணி படிப்பணம் கொடுத்தார். தேவாலயங்களில் அவர்களுக்காக நன்கொடை வசூலித்தார்கள். முதலில் இரக்கம்தான் இருந்தது.

ஆனால் அந்த வருஷம் இங்கிலாந்திலும் தானிய விலை ஏறியிருந்தது. லண்டன் ஏழை தன் குழந்தைக்கு ரொட்டி வாங்கத் தவித்தான். நமக்கே இல்லாதபோது வந்தவனுக்குப் படியா என்று முணுமுணுத்தான். இரக்கம் எரிச்சலாக மாறியது.

வந்தவர்களில் பெரும்பாலோர் குடியானவர்கள். பட்டு நெசவாளிகள் போல உடனே தொழில் தொடங்க அவர்களால் முடியவில்லை. அரசாங்கம் அவர்களைப் பல திசைகளில் அனுப்பியது. சுமார் 3 ஆயிரம் பேர் அயர்லாந்துக்குப் போனார்கள். சுமார் 3 ஆயிரம் பேர் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்கள். கத்தோலிக்கர்களில் மதம் மாற மறுத்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நியூயார்க் கப்பல்களில் நோய் புகுந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வழியிலேயே மாண்டார்கள். தப்பிப் பிழைத்தவர்களை ஹட்சன் நதிக்கரையில் இறக்கி, கடற்படைக் கப்பல்களுக்குத் தார் எடுக்கும் வேலையில் போட்டார்கள். அந்தத் திட்டமும் தோற்றது.

அந்தக் கப்பல்களில் ஒன்றில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் ஜான் பீட்டர் செங்கர். பயணத்தில் தந்தையை இழந்தான். நியூயார்க்கில் ஓர் அச்சகத்தில் தொழில் பழகினான். பிற்காலத்தில் பத்திரிகை நடத்தினான். கவர்னரைக் கண்டித்து எழுதியதற்காக அவனைச் சிறையில் அடைத்தார்கள். 1735-ம் ஆண்டு நடந்த வழக்கில் ஜூரிகள் அவன் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாற்றில் அந்த வழக்குக்குத் தனி இடம் உண்டு. வேண்டாதவன் என்று ஓர் ஊர் தள்ளிய பிள்ளை, இன்னோர் ஊரில் பேர் எடுத்தான்!

ஆனால் லண்டனில் அதையெல்லாம் முன்கூட்டியே யார் கண்டார்கள்? கூடாரங்களைக் கண்ட கோபம் தீரவில்லை. 1712-ம் ஆண்டு பாராளுமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது. திறந்த கதவு மூன்றே ஆண்டில் மூடியது.

ராபின்சன் குரூசோவின் தந்தை

அந்த அகதிகளுக்காகப் பரிந்து எழுதியவர்களில் ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். அவர்தான் டேனியல் டீபோ. ஆளில்லாத் தீவில் தனியாக வாழ்ந்த ராபின்சன் குரூசோவின் கதையை எழுதியவர்.

ஜனங்கள் பெருகினால் உழைப்புப் பெருகும், உழைப்புப் பெருகினால் செல்வம் பெருகும் என்பது அவர் கட்சி. நாங்கள் அசல் ஆங்கிலேயர் என்று பெருமை பேசியவர்களைக் கிண்டல் செய்து 1701-ம் ஆண்டிலேயே ஒரு கவிதை எழுதினார். ரோமர், டேனிஷ்காரர், நார்மன்காரர் என்று எத்தனையோ கூட்டம் வந்து கலந்ததுதான் ஆங்கில ஜாதி. இதில் அசல் எது, கலப்பு எது என்று கேட்டார்.

1719-ம் ஆண்டு 'ராபின்சன் குரூசோ' வெளிவந்தது. அந்தக் கதையில் குரூசோவின் தந்தை யார் தெரியுமா? ஜெர்மனியில் உள்ள பிரெமன் பட்டணத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய வியாபாரி!

உடுத்திய உடையைக் கிழித்தார்கள்

ஆள் வருவதைப் பற்றி ஒரு சண்டை. சரக்கு வருவதைப் பற்றி இன்னொரு சண்டை. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன.

இந்தச் சண்டையில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னைக் கோட்டையிலிருந்தும் சோழமண்டலக் கரையின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும், வங்காளம், சூரத் ஆகிய இடங்களிலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் பருத்தித் துணியை ஏற்றிச் சென்றன. பூப்போட்ட சீட்டித் துணி! விலை குறைவு. துவைத்தாலும் சாயம் போகாது. லண்டன் சீமாட்டியும் அதைக் கட்டினாள். அவள் வீட்டு வேலைக்காரியும் அதைக் கட்டினாள்.

கம்பளி நெய்பவர்களுக்கும் பட்டு நெய்பவர்களுக்கும் அடி வயிற்றில் அடி விழுந்தது. 1697-ம் ஆண்டு நெசவாளிகள் கூட்டமாகச் சென்று கம்பெனியின் தலைமை அலுவலகத்தையே தாக்கினார்கள். அரசாங்கம் பணிந்தது. அச்சடித்த இந்தியத் துணியை இங்கிலாந்தில் விற்கக்கூடாது என்று 1700-ம் ஆண்டு சட்டம் வந்தது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வெள்ளைத் துணியாக இறக்குமதி செய்து, லண்டனிலேயே பூ அச்சடித்து விற்றார்கள். சீட்டி மோகம் குறையவில்லை.

1719-ம் ஆண்டு நெசவாளிகளின் ஆத்திரம் தெருவுக்கு வந்தது. சீட்டி கட்டிய பெண்கள் தெருவில் போனால் விரட்டினார்கள். உடையைக் கிழித்தார்கள். மையை ஊற்றினார்கள். திராவகத்தைக்கூட வீசினார்கள்! கட்டிய துணிக்காக, வழியில் போன பெண்கள் அடி பட்டார்கள்.

அந்த நெசவாளிகள் கொடியவர்களா? தறி நின்றுபோனதால் அடுப்பு அணைந்தவர்கள். அவர்களுடைய பசி உண்மை. ஆனால் அதற்குப் பலியானது யார்? தெருவில் போன ஏழைப் பெண்.

1721-ம் ஆண்டு இன்னும் கடுமையான சட்டம் பிறந்தது. அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தினாலே 5 பவுன் அபராதம். விற்றால் 20 பவுன் அபராதம். இந்தத் தடை 1774-ம் ஆண்டு வரை நீடித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பிட்டல்பீல்ட்சில் சீட்டிக்கு எதிராகக் குரல் கொடுத்த பட்டு நெசவாளிகளில், பிரான்சிலிருந்து ஓடிவந்த அகதிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று ஆளாக வந்த அன்னியர், இன்று சரக்காக வந்த அன்னியத்தை எதிர்த்தார்கள்!

ஒன்பது ஓட்டில் தோற்ற ஒப்பந்தம்

அந்தக் காலத்து அரசியல்வாதிகள் வியாபாரத்தை ஒரு குடம் தண்ணீராக நினைத்தார்கள். ஒருவன் ஒரு செம்பு மொண்டால், மற்றவனுக்கு ஒரு செம்பு குறையும். வெளிநாட்டுக்குச் சரக்கு விற்றால் தங்கம் வரும், அது லாபம். வெளிநாட்டுச் சரக்கை வாங்கினால் தங்கம் போகும்; அது நஷ்டம். இதுதான் அவர்கள் கணக்கு.

பிரான்சோடு நடந்த நீண்ட யுத்தம் 1713-ம் ஆண்டு முடிந்தது. இரு நாடுகளும் சுங்கத்தைக் குறைத்துக்கொண்டு வியாபாரம் செய்யலாம் என்று ஓர் ஒப்பந்தம் தயாராயிற்று.

உடனே எதிர்ப்பு எழுந்தது. 1703-ம் ஆண்டு போர்ச்சுகலோடு செய்த ஒப்பந்தம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. போர்ச்சுகல் இங்கிலாந்தின் கம்பளியை வாங்கும். இங்கிலாந்து போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி போடும். பிரெஞ்சு ஒயினுக்கும் வரியைக் குறைத்தால் போர்ச்சுகல் சும்மா இருக்குமா? கம்பளி வியாபாரம் போய்விடுமே! பட்டு நெசவாளிகளும் பயந்தார்கள்.

இதற்கென்றே இரண்டு பத்திரிகைகள் தோன்றின. ஒன்று ஒப்பந்தத்தை ஆதரித்த 'மெர்க்கேட்டர்'. அதில் எழுதியவர் நம் டீபோ! மற்றொன்று எதிர்த்த 'பிரிட்டிஷ் மெர்ச்சண்ட்'. எந்த நாட்டோடு வியாபாரம் செய்தால் எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்று இரண்டும் புள்ளி விவரங்களை வீசிச் சண்டை போட்டன.

காமன்ஸ் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 185. எதிர்ப்பு 194. ஒன்பது ஓட்டில் ஒப்பந்தம் கவிழ்ந்தது. பிரான்சோடு அப்படி ஓர் ஒப்பந்தம் வர 1786-ம் ஆண்டு வரை, அதாவது 73 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னையில் ஒரு பவளக்காரத் தெரு

சென்னை முத்தியாலுப்பேட்டையில் பவளக்காரத் தெரு இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால், லண்டன் யூதர்களின் கதை இருக்கிறது.

மத்தியதரைக் கடலில் எடுத்த பவளத்தை லண்டன் யூத வணிகர்கள் சென்னைக்கு அனுப்பினார்கள். அதற்கு மாற்றாகக் கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். அவர்களுடைய ஆட்கள் சென்னையிலேயே குடியிருந்தார்கள்.

1688-ம் ஆண்டு சென்னை நகரசபை தொடங்கியபோது, 12 ஆல்டர்மென்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்று பேர் யூத வணிகர்கள்! கம்பெனிக்கு அவர்களுடைய வைர வியாபாரம் தேவைப்பட்டது. அதனால் மதம் குறுக்கே வரவில்லை.

அமெரிக்காவில் இருந்த ஆங்கிலக் குடியேற்ற நாடுகளிலும் அப்படித்தான். அங்கே ஏழு ஆண்டு வசித்தால் யூதரும் திருவிருந்து இல்லாமலே பிரஜை ஆகலாம் என்று 1740-ம் ஆண்டு பாராளுமன்றமே சட்டம் செய்தது.

கடலுக்கு அப்பால் ஒரு நியாயம். லண்டனில் ஒரு நியாயம்!

இங்கிலாந்து 1290-ம் ஆண்டு யூதர்களை நாட்டைவிட்டே துரத்தியது. 1656-ம் ஆண்டு, கிராம்வெல் காலத்தில், மீண்டும் வசிக்க விட்டார்கள். 1753-ம் ஆண்டில் சுமார் 8 ஆயிரம் யூதர்கள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் ஏழைகள், பழைய துணி வாங்கி விற்பவர்கள், தலைச்சுமை வியாபாரிகள். பணக்காரக் குடும்பங்கள் சில.

அந்தப் பணக்காரர்களில் சாம்சன் கிடியன் ஒருவர். 1745-ம் ஆண்டு பழைய ராஜ வம்சத்தினர் கலகம் செய்தபோது, அரசாங்கத்துக்குக் கடன் திரட்டிக் கொடுத்தவர். வைர வணிகர் ஜோசப் சால்வடார் இன்னொருவர். வெளிநாட்டில் பிறந்த யூதர்களுக்கும் வழி திறக்க வேண்டும் என்று மந்திரிகளிடம் முயன்றவர் இந்தச் சால்வடார்தான்.

ஒரு சிறிய சட்டம்

பிரதம மந்திரி ஹென்றி பெல்ஹாம் சம்மதித்தார். 1753-ம் ஆண்டு மசோதா வந்தது.

அதில் இருந்தது மிகச் சிறிய விஷயம். மூன்று ஆண்டு நாட்டில் வசித்த யூதர், திருவிருந்து உண்ணாமலே, பிரஜா உரிமை கேட்டுப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் பாராளுமன்றத்தின் இஷ்டம். செலவும் முன்போல விண்ணப்பித்தவர் தலையில்தான். ஆக, பயன் பெறப்போவது விரல்விட்டு எண்ணக்கூடிய பணக்காரர்கள்.

பிரபுக்கள் சபையில் பெரிய எதிர்ப்பு இல்லை. பிஷப்புகளே ஆதரித்தார்கள். காமன்ஸ் சபையில் இரண்டாவது வாசிப்பின்போது ஆதரவு 95, எதிர்ப்பு 16. பிறகு லண்டன் நகரசபை எதிர்த்து மனுக் கொடுத்தது. தங்கள் வியாபாரம் யூதர் கைக்குப் போய்விடும் என்று வணிகர்கள் பலர் அஞ்சினார்கள். மூன்றாவது வாசிப்பில் எதிர்ப்பு 55 ஆக ஏறியது. ஆனாலும் 96 ஓட்டுகளோடு மசோதா வென்றது. ஜூன் மாதம் மன்னர் சம்மதம் தந்தார்.

அந்த மன்னர் இரண்டாம் ஜார்ஜ் எங்கே பிறந்தவர்? ஜெர்மனியில் உள்ள ஹானோவரில்! அவர் குடும்பத்துக்கே 1705-ம் ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம்தான் பிரஜா உரிமை கிடைத்தது.

வதந்தி பறந்தது

சட்டம் வந்த பிறகுதான் புயல் கிளம்பியது. அடுத்த வருஷம் பொதுத் தேர்தல். எதிர்க்கட்சியினருக்கு நல்ல ஆயுதம் கிடைத்தது.

'லண்டன் ஈவினிங் போஸ்ட்' என்ற பத்திரிகை வாராவாரம் நெருப்பைக் கொட்டியது. நூறு ஆண்டு கழித்து இங்கிலாந்து எப்படி இருக்கும் என்று கற்பனைச் செய்தி போட்டது. துண்டுப் பிரசுரங்கள், கேலிப் படங்கள், பாட்டுகள் கிளம்பின.

செயிண்ட் பால் தேவாலயம் யூதர் கோயிலாகிவிடுமாம். பன்றி இறைச்சிக்குத் தடை வருமாம். ஆங்கிலேயர் எல்லோருக்கும் சுன்னத்துச் செய்வார்களாம். யூதர்கள் நிலத்தையெல்லாம் வாங்கிப் பாராளுமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்களாம்!

உண்மை என்ன? பிரஜா உரிமை பெற்ற எந்த அன்னியரும் பாராளுமன்றத்தில் அமரக்கூடாது என்று 1701-ம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. புதிய சட்டம் அதைத் தொடவே இல்லை. ஆனால் சட்டத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? வதந்தியைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

'யூதர் வேண்டாம்! மரச்செருப்பு வேண்டாம்!' என்பது தெருவில் எழுந்த கோஷம். மரச்செருப்பு என்றால் பிரெஞ்சு ஏழை. ஒரே கோஷத்தில் யூதரையும் சேர்த்து, பிரெஞ்சுக்காரரையும் சேர்த்து விரட்டினார்கள்.

மசோதாவை ஆதரித்த நார்விச் பிஷப், தம் மறைவட்டத்தில் சுற்றுப்பயணம் போனபோது பொடிப்பையன்கள்கூடச் சுற்றி நின்று கேலி செய்தார்கள். பிரிஸ்டலில் டக்கர் பாதிரியாரின் கொடும்பாவி எரிந்ததும் இந்தச் சமயத்தில்தான்.

டக்கர் போட்ட கணக்கு

எரித்தவர்கள் அவருடைய புத்தகத்தைப் படித்தார்களோ இல்லையோ, அதில் இருந்த கணக்கு எளிமையானது.

வியாபாரம் ஒரு குடம் தண்ணீர் அல்ல, அது ஊற்று. இறைக்க இறைக்க ஊறும். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

வெளியூரான் வந்தால் வேலை போய்விடும் என்கிறார்கள். ஆனால் வந்தவன் வாய் இல்லாதவனா? அவனும் ரொட்டி வாங்குவான், சட்டை வாங்குவான், வீட்டுக்கு வாடகை கொடுப்பான். அவன் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால், அவன் செலவால் வேறு வேலைகள் பிறக்கும். புதுத் தொழில் தெரிந்தவனாக இருந்தால், ஊருக்கே அது வரும்.

வெளியூரான் வரக்கூடாது என்று அதிகமாகக் கத்துவது யார் என்றும் அவர் பார்த்தார். ஏகபோக உரிமை வைத்திருக்கும் வியாபாரச் சங்கங்கள்! அவர்களுக்குப் போட்டி பிடிக்காது. மதத்தையும் தேசத்தையும் முன்னால் நிறுத்தி, தங்கள் கல்லாப் பெட்டியைக் காப்பாற்றுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

பின்னாளில் இன்னொன்றும் சொன்னார். வியாபாரத்துக்காக நாடுகள் யுத்தம் செய்வது, கடைக்காரன் தன் வாடிக்கைக்காரனை உதைத்து வியாபாரத்தைப் பெருக்கப் பார்ப்பது போன்றது என்றார்.

இந்தக் கணக்கைப் படித்தவர்கள் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தேர்தல் நேரத்தில், கணக்கைவிடக் கோஷத்துக்குத்தான் காது அதிகம்.

அரசாங்கம் பணிந்தது

நவம்பர் 15-ந் தேதி பாராளுமன்றம் மீண்டும் கூடியது. முதல் நாளே பிரதம மந்திரியின் அண்ணனும் மந்திரியுமான நியூகாசில் பிரபு எழுந்தார். சட்டத்தை ரத்து செய்யலாம் என்று அவரே பிரேரணை கொண்டுவந்தார்! கொண்டுவந்த அரசாங்கமே கைவிட்டது.

சட்டம் தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சாக்காக வைத்து ஜனங்களின் மனதைக் கலக்கிவிட்டார்கள். ஆகவே நீக்குகிறோம் என்றார்கள். டிசம்பர் மாதம் சட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி வெற்றியும் பெற்றது. புயல் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

ஆனால் நஷ்டம் யாருக்கு? கதவைத் தட்டிக் காத்திருந்தவர்களுக்கு.

சாம்சன் கிடியன் தம் பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாகவே வளர்த்தார். அவருடைய மகனுக்கு 1759-ம் ஆண்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, பாரனெட் பட்டம் கிடைத்தது. தந்தைக்குக் கிடைக்காத கௌரவம் மதம் மாறிய பிள்ளைக்குக் கிடைத்தது. ஜோசப் சால்வடார் செல்வத்தை இழந்து, கடைசியில் அமெரிக்காவுக்குப் போய் அங்கேயே மறைந்தார்.

டக்கர் 1758-ம் ஆண்டு குளோஸ்டர் தேவாலயத்தின் டீன் ஆனார். 1776-ம் ஆண்டு ஆடம் ஸ்மித்தின் பெரிய நூல் வந்தது. வியாபாரத்தில் இரண்டு பக்கமும் லாபம் பெறலாம் என்ற கருத்து மெல்ல மெல்ல ஊன்றியது. டக்கர் 1799-ம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

நூறு ஆண்டு கழித்து

பிரஜா உரிமைக்குத் திருவிருந்து உண்ண வேண்டும் என்ற நிபந்தனையைப் பாராளுமன்றம் 1825-ம் ஆண்டு நீக்கியது. யாருடைய கொடும்பாவியும் எரியவில்லை. 1844-ம் ஆண்டு தனிச் சட்டமும் தேவை இல்லை என்று ஆயிற்று. உள்துறை மந்திரியின் சான்றிதழ் போதும்.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் நாதன் ராத்ஸ்சைல்டு என்ற யூத வாலிபர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டிலிருந்து மான்செஸ்டருக்கு வந்தார். வந்தது துணி வியாபாரத்துக்கு. பிறகு லண்டன் போய்ப் பெரிய பாங்கர் ஆனார்.

அவருடைய மகன் லயனல் லண்டனில் பிறந்தவர். 1847-ம் ஆண்டு காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் கிறிஸ்தவனாகச் சத்தியம் செய்ய மாட்டேன் என்றதால், சபையில் அமர விடவில்லை. ஜனங்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 11 ஆண்டு போராட்டத்துக்குப் பின், 1858-ம் ஆண்டு ஜூலை மாதம் அவர் தம் மதப்படியே சத்தியம் செய்து சபையில் அமர்ந்தார்.

அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி எது தெரியுமா?

லண்டன் நகரம்! யூதருக்குப் பிரஜா உரிமை கொடுத்தால் நம் வியாபாரம் அழிந்துவிடும் என்று 1753-ம் ஆண்டு மனுக் கொடுத்ததே, அதே லண்டன் நகரம்!